வாயில்லாப் பிராணிக்கு ஒரு வைத்தியப் பெட்டி

வீட்டு நாய்க்கு முதலுதவிப் பெட்டி தயாரிப்பது எப்படி, அதில் இருக்க வேண்டியவை எவை, அடியோடு விலக்க வேண்டியவை எவை என்பதைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

மனிதனுக்கு உடம்பில் ஒரு நோவு கண்டால், எந்த இடத்தில் வலிக்கிறது, எப்போது தொடங்கிற்று, நேற்றைக்கு இன்று கூடுதலா குறைவா என்றெல்லாம் வாய் திறந்து சொல்லி, அருகில் இருப்பவர்களின் உதவியைக் கேட்டுப் பெற முடிகிறது. நாம் வளர்க்கும் நாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. போதாக்குறைக்கு, தன் நோவைப் பிறர் அறியாதபடி மறைத்துக்கொள்ளும் சுபாவமும் அதற்கு உண்டு. காலில் கண்ணாடி குத்திய நாய் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிப் புண்ணை நக்கிக்கொண்டிருக்கும். காய்ச்சல் கண்ட நாய் வழக்கமாகப் படுக்கும் திண்ணையை விட்டுத் துவைக்கும் கல்லின் ஈர நிழலில் போய்ச் சுருண்டுகொள்ளும். விஷத்தைத் தின்றுவிட்ட நாய்கூட, வளர்த்தவரின் குரல் கேட்டதும் தள்ளாடியபடியே வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். இந்தக் குறிப்புகளைக் கண்டு பொருள் கொள்ள வேண்டியவர்கள் நாம். பொருள் கொண்டபின் ஆவன செய்ய வேண்டியவர்களும் நாமே.

விபத்துகள் வைத்தியசாலை திறந்திருக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவிலும், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலிலும், ஊரே வெடிச்சத்தத்தில் அதிரும் தீபாவளி இரவிலும், தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் ஐப்பசி மழையிலும் அவை நேர்கின்றன. நகரத்திலேயே அப்போது ஒரு வைத்தியரைத் தேடிப் பிடிப்பது கடினம். கால்நடை மருந்தகம் அடுத்த ஊரில் இருக்கும் கிராமத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நேர்ந்த கணத்துக்கும் வைத்தியர் கை வைக்கும் கணத்துக்கும் இடையில் கழியும் அந்த அரைமணியோ இரண்டு மணியோதான் பல சமயங்களில் பிராணியின் ஆயுளை நிர்ணயிக்கிறது. அந்த இடைவேளைக்கு முழுப் பொறுப்பாளி வீட்டுக்காரர். அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவருக்குத் துணை நிற்கும் சாதனமே முதலுதவிப் பெட்டி.

உயிரைப் பிடித்து வைத்தல், நேர்ந்துவிட்ட கேட்டை மேலும் பெருகாமல் தடுத்தல், தாமதமின்றி வைத்தியரிடம் சேர்த்தல் என்னும் மூன்று காரியங்களோடு முதலுதவியின் எல்லை முடிந்துவிடுகிறது. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-இல் நிறுவப்பெற்ற கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தேர்ந்த வைத்தியர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கித் தந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் கற்ற வித்தை பலிக்க வேண்டுமானால், பிராணி உயிரோடு அவர்களுடைய மேசையை அடைய வேண்டும். ஆகவே, பெட்டியில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதைக் காட்டிலும், எதை எப்போது எடுக்க வேண்டும், எதை எக்காலத்தும் எடுக்கக் கூடாது என்ற தெளிவு வீட்டாருக்கு இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

நலத்தின் அளவுகள்

நோயை அறிய விரும்புகிறவர் முதலில் ஆரோக்கியத்தை அறிந்திருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 டிகிரி வரை. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தக்க அந்த அளவு நாய்க்குச் சுகத்தின் அளவு. ஆகையால், தொட்டுப் பார்த்து ‘உடம்பு கொதிக்கிறதே’ என்று கலங்குவதிலும், மூக்கு ஈரமாயிருப்பதைக் கண்டு ‘ஒன்றுமில்லை’ என்று ஆறுதல் கொள்வதிலும் பொருளில்லை. தெர்மாமீட்டர் சொல்வதுதான் சாட்சி. அதன் நுனியில் சிறிது வாசலைனோ தேங்காய் எண்ணெயோ தடவி, வாலை மெல்ல உயர்த்தி, ஆசனவாயில் சுமார் ஓர் அங்குலம் நுழைத்து, ஒலி கேட்கும்வரை பிடித்திருக்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் வைத்தியரைக் கலந்துகொள்வது நல்லது. 105-ஐ எட்டினால் அது உயிருக்கு அபாயம். 99-க்குக் கீழே இறங்கினாலும் அலட்சியம் கூடாது.

உஷ்ணத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ஈறு. மேலுதட்டைச் சற்றே தூக்கினால் தெரியும் ஈறு, நலமுள்ள நாய்க்கு இளஞ்சிவப்பாகவும் ஈரப்பசையோடும் இருக்கும். அதை விரல் நுனியால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் ரத்தம் திரும்பிப் பழைய நிறம் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ரத்த ஓட்டம் தளர்கிறது என்று பொருள். ஈறு வெளுத்திருந்தால் ரத்த நஷ்டமோ அதிர்ச்சியோ இருக்கலாம், நீலம் பாரித்திருந்தால் பிராணவாயு போதவில்லை, மஞ்சளித்திருந்தால் காமாலை, செங்கல் நிறமாகச் சிவந்திருந்தால் உஷ்ணத் தாக்குதலை நினைக்க வேண்டும். பிறவியிலேயே ஈறு கறுத்திருக்கும் நாய்களுக்குக் கீழிமையை இழுத்து அதன் உட்புறத்தைப் பார்க்கலாம்.

உறங்கும் நாயின் மார்பு நிமிஷத்துக்கு 10 முதல் 30 முறை ஏறி இறங்கும். பின்தொடையின் உட்புறத்தில் விரல்களை வைத்தால் நாடி தட்டுப்படும். பெரிய நாய்க்கு அது 60 முதல் 100 வரையும், சிறிய நாய்க்கு 140 வரையும் துடிக்கலாம். தோள்களுக்கு நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நாய் சுகமாயிருக்கும் ஒரு நாளில் இந்த அளவுகளை எடுத்து ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்க வேண்டும். அதே அட்டையில் நாயின் வயது, எடை, தடுப்பூசி போட்ட தேதிகள், ஒவ்வாத மருந்துகள், வழக்கமான வைத்தியரின் தொலைபேசி எண், இரவிலும் திறந்திருக்கும் வைத்தியசாலையின் எண் ஆகியவையும் இருக்கட்டும். மருந்தின் அளவை எடையைக் கொண்டே வைத்தியர் கணக்கிடுகிறார். பதற்றத்தில் அந்த எடை நம் நினைவுக்கு வராது.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவை

காற்றும் ஈரமும் புகாத, அழுத்தி மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். அதில் முதலிடம் பெற வேண்டியவை கட்டுப்போடும் சாதனங்கள்: காஸ் துணிச் சுருள்கள், கிருமி நீக்கிய காஸ் மடிப்புகள், பஞ்சுச் சுருள், இழுத்தால் நீளும் கிரேப் கட்டு, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுச்சுருள், காகிதப் பிளாஸ்திரி, முனை மழுங்கிய கத்தரிக்கோல். பஞ்சைப் புண்ணின்மேல் நேராக வைக்கலாகாது; அதன் இழைகள் ரத்தத்தில் ஒட்டி, வைத்தியர் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பெருந்தொல்லை தரும். முதலில் காஸ், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கட்டு என்பதே முறை.

இரண்டாவது வரிசையில் கழுவும் சாதனங்கள் வருகின்றன. மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில், புண்ணையும் கண்ணையும் கழுவுவதற்கு மிகவும் ஏற்றது. பொவிடோன் அயோடின் கரைசலைப் பாட்டிலில் உள்ளபடியே ஊற்றாமல், பாலில்லாத இளந்தேநீரின் நிறம் வரும்வரை சுத்தமான நீரில் கலந்து பயன்படுத்த வேண்டும். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சுகள் சில இருந்தால் புண்ணுக்குள் நீரைப் பாய்ச்சலாம். வைத்தியர் சொல்லும் திரவ மருந்தைக் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாகப் புகட்டவும் செய்யலாம்.

இவற்றோடு, நாய்க்கென்றே தனியாக ஒரு தெர்மாமீட்டர், உண்ணி எடுக்கக் கூரிய முனையுள்ள இடுக்கி, ரப்பர் கையுறைகள், சிறு டார்ச் விளக்கு, வாய்க்கட்டு, ஒரு கழுத்துப்பட்டியும் கயிறும், நகம் பிளந்து ரத்தம் வந்தால் அழுத்துவதற்குச் சோளமாவு, புண்ணை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு, சிறிது குளுகோஸ் ஆகியவை இருக்கட்டும். மிகச் சிறிய குட்டிகள் இரை எடுக்காமல் துவண்டு நடுங்கும்போது, விழுங்கும் சக்தி இருக்குமானால், குளுகோஸ் கரைசலை ஈற்றில் தடவுவது வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை தாங்க உதவும். பெட்டிக்குப் பக்கத்தில் துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்றும் தடித்த போர்வை ஒன்றும் வேண்டும். வேட்டி கட்டுத்துணியாகும், நடக்க முடியாத நாயைப் போர்வையில் கிடத்தி இருவர் நான்கு முனைகளையும் இறுகப் பிடித்துத் தூக்கினால் அதுவே டோலியாகும்.

நாய்க்கு நாய் தேவையும் சிறிது வேறுபடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களுக்கு உடம்பில் சதைப்பிடிப்பும் ரோமமும் குறைவு, தோல் மெல்லியது. முள்வேலியில் உரசினாலும் தோல் கிழிந்துவிடும் ஆதலால், அவற்றை வளர்ப்பவர்கள் கட்டுத்துணியைச் சற்றுக் கூடுதலாகவே வைத்திருக்க வேண்டும். மூக்கு சப்பையான பக், ஷீட்சூ இனங்களுக்குக் கண்கள் துருத்தியிருப்பதால் சலைன் பாட்டில் இன்றியமையாதது. சண்டையில் கண் பிதுங்கிவிட்டால் சலைனில் நனைத்த காஸால் அதை ஈரமாக மூடிக்கொண்டு உடனே ஓட வேண்டியதுதான், உள்ளே தள்ள முயலக் கூடாது.

பெட்டிக்குள் கூடாதவை

அன்பினால் செய்யும் அபசாரங்கள் சில உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதியாகவே நிற்கும். காய்ச்சல் என்று நினைத்து, வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்து நாய்க்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து நாயின் ஈரலைக் கெடுக்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையும் குலைக்கும். வலிக்கு நாம் உட்கொள்ளும் ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாழாக்கும். மனிதர்களின் மாத்திரை எதுவும் வைத்தியரின் சொல்லின்றி அந்தப் பெட்டிக்குள் இடம் பெறலாகாது.

வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புவதும், மஞ்சளைக் குழைத்துப் பூசுவதும் நம் வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கங்கள். ஆழமான புண்ணில் அந்தத் தூள்கள் அழுக்கோடு அழுக்காகத் தங்கி, வைத்தியரின் வேலையை இரட்டிப்பாக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்ட புண்ணில் பெட்ரோலையும் பினாயிலையும் ஊற்றுவது அதைவிடக் கொடிது. புழுவோடு உயிருள்ள தசையும் வெந்துபோகும். புழுப் புண்ணைச் சலைனால் கழுவி, காஸால் மூடி, அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுவதுதான் தகுந்த வழி. உண்ணியை நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் அவ்வாறே விலக்கத்தக்கவை. தோலை ஒட்டி, உண்ணியின் தலையை இடுக்கியால் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேராக இழுத்தால் அது முழுமையாக வந்துவிடும். எர்லிச்சியா, பபேசியா என்னும் கிருமிகளை ரத்தத்தில் செலுத்தி நாயை உருக்கிவிடும் உண்ணிக் காய்ச்சல் நம் உஷ்ண தேசத்தில் ஆண்டு முழுவதும் வரக்கூடியது. அதனால் இடுக்கிக்கு ஓய்வே கிடையாது.

வலியில் கடிக்கும் வாய்

எத்தனை சாதுவான நாயானாலும், வலி உச்சத்தில் இருக்கும்போது, தடவ வந்த கையையே கடித்துவிடக் கூடும்; அதில் துரோகம் எதுவும் இல்லை, அது பிராணியின் இயற்கை. ஆகவே முதலுதவிக்கும் முந்திய உதவி வாய்க்கட்டு. ஒரு கஜ நீளத்துக்குக் காஸ் துணியை எடுத்து, நடுவில் தளர்ந்த முடிச்சோடு ஒரு வளையம் செய்துகொள்ள வேண்டும். நேர் எதிரே போய் நிற்காமல் பக்கவாட்டில் நெருங்கி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, வளையத்தை மூக்கின்மேல் பாதித் தூரம் மாட்டி இறுக்கி, இரு நுனிகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு முடிச்சிட்டு, பின்பு காதுகளுக்குப் பின்னால் கொண்டுவந்து, இழுத்தால் சட்டென்று அவிழும்படி சுருக்கிட்டுக் கட்ட வேண்டும். வாந்தி எடுக்கும் நாய், மூச்சுத் திணறும் நாய், நினைவிழந்த நாய், சப்பை மூக்கு நாய் ஆகியவற்றுக்கு வாய்க்கட்டு கூடவே கூடாது. மற்ற நாய்களுக்கும் சில நிமிஷங்களுக்கு மேல் வேண்டாம்; நாய் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்வது வாய் வழியாகவே.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் பல் பட்டுவிட்டால், புண் சிறிது என்றோ, நம் வீட்டு நாய்தானே என்றோ வாளாவிருக்கலாகாது. வெறிநாய்க்கடிக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் விடாமல் கழுவி, அன்றைய தினமே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இந்த நோய்க்குச் சிகிச்சை பெறத் தென்னாட்டவர்கள் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி வரைக்கும் போக வேண்டியிருந்த ஒரு காலம் உண்டு. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பிறகே அந்த அவலம் நீங்கிற்று. நோயின் அடையாளங்கள் தோன்றியபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம் என்ற உண்மையில் இன்றுவரை மாற்றமில்லை. நம் நாயைத் தெருவில் வேறு நாய் கடித்துவிட்டாலும் இதே முறைதான்: கையுறை அணிந்து சோப்பு நீரால் கழுவி, முன்னமே தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டுமா என்று அன்றே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ரத்தம் நிற்க

மாலையில் உலாவப் போன நாய் உடைந்த பாட்டில் சில்லை மிதித்து, தரையெல்லாம் சிவப்புத் தடம் பதிய வீடு திரும்புவது நகரத்தில் மிகச் சாதாரணமாக நேரும் விபத்து. பாதத்தின் மெத்தைப் பகுதியில் ரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் சிறு வெட்டும் பெருகிக் கொட்டும். பார்ப்பவருக்குக் கை நடுங்கும். நாயை உட்கார்த்தி, ஒருவர் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, மற்றவர் காஸ் மடிப்பை வெட்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு முறையும் பெயர்ந்து வந்துவிடும். காஸ் நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடி ஆழப் பதிந்திருந்தால் பிடுங்கக் கூடாது. அது அசையாதபடி சுற்றிலும் காஸை அண்டக் கொடுத்துக் கட்டி அழைத்துச் செல்ல வேண்டும்.

ரத்தம் அடங்கியபின் விரல்களின் இடுக்குகளில் சிறு காஸ் துண்டுகளைச் செருகி, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, கணுவுக்கு மேல் வரை கட்டை ஏற்ற வேண்டும். நடு விரல்கள் இரண்டின் நுனிகள் மட்டும் வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று அறிந்து உடனே தளர்த்தலாம். கட்டுக்குள் நம் விரல்கள் இரண்டு நுழைய முடிந்தால் அது சரியான இறுக்கம்.

கத்திரி வெயிலில்

நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டுமே வேர்வை உண்டு. உடம்பின் சூட்டையெல்லாம் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே வெளியேற்றியாக வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில், மூடிய காரில் சில நிமிஷங்கள் விட்டுச் சென்றாலும், மொட்டைமாடியில் நிழலின்றிக் கட்டிப்போட்டாலும், நண்பகலில் ஓடவிட்டாலும் அந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. இரைப்பு அடங்காமல், எச்சில் நூலாக வடிந்து, ஈறு செங்கல் நிறமாகி, கால்கள் பின்னத் தொடங்கினால் அது உஷ்ணத் தாக்குதல். அங்கேயே குளிரச் செய்த பிறகே வண்டியைத் தேட வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுவதும், முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, மின்விசிறியைப் பலமாக வைக்க வேண்டும். ஈரத் துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து, 103.5-க்கு வந்ததும் நீரை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் குளிர்விப்பது வேறு அபாயத்தில் கொண்டுபோய் விடும். பிழைத்து எழுந்துவிட்டதே என்று வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடவும் கூடாது. சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் நேர்ந்த கேடு மறுநாளும் அதற்கு மறுநாளும் தலைகாட்டலாம்.

விஷமும் பாம்பும்

சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே நிறுத்திவிட வல்லது. வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தைத் தறிகெட்டு ஓடச் செய்கிறது. சர்க்கரையில்லாத மெல்லும் மிட்டாயில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை அரைமணிக்குள் பாதாளத்தில் இறக்கக் கூடியது. எலி மருந்துகளில் ஒரு வகை ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற அன்று நாய் ஓடியாடித் திரியும், மூன்று நான்கு நாள் கழித்தே ஈற்றிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். அதற்கு மாற்று மருந்தாகிய வைட்டமின் கே1 நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே, தின்றதை அறிந்த கணமே, அடையாளங்களுக்காகக் காத்திராமல், மருந்தின் உறையையும் மிச்சத்தையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டும்.

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது ஆபத்தான வழக்கம். அந்த உப்பே மூளையைத் தாக்கும் விஷமாகிவிடலாம். மண்ணெண்ணெய், அமிலம், பினாயில் போன்றவற்றைக் குடித்த நாய்க்கு வாந்தி வரவழைத்தால், போகும்போது வெந்த தொண்டை வரும்போது மறுபடியும் வேகும். வாந்தி எடுக்கச் செய்யலாமா கூடாதா என்பது வைத்தியர் தொலைபேசியில் சொல்ல வேண்டிய தீர்ப்பு; நாம் சொல்ல வேண்டியவை, என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்னும் நான்கு விவரங்கள்.

தோட்டமும் வயலும் சூழ்ந்த வீடுகளில் நாய்தான் பாம்பை முதலில் சந்திக்கிறது. ஆகையால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோ விழுகிறது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்புகளைத் தாக்கி உடம்பைச் செயலிழக்கச் செய்யும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வீக்கத்தையும் ரத்தப் பெருக்கையும் உண்டாக்கும். இந்நான்கின் விஷத்தையும் முறிக்கும் மருந்து, மனிதர்க்கும் நாய்க்கும் ஒன்றே. அதைத் தயாரிப்பதற்கு வேண்டிய விஷத்தை, 1978-ஆம் ஆண்டு முதல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் சேகரித்துத் தந்து வருகிறார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். முதலுதவிப் பெட்டியில் பாம்புக்கடிக்கு மருந்து கிடையாது. கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பச்சிலை அரைத்தல் எல்லாம் நேரத்தை விழுங்குபவை. கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு, நாயை ஓர் அடிகூட நடக்க விடாமல் தூக்கிச் செல்வதும், விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ளதா என்று வைத்தியசாலைக்கு முன்னதாகவே பேசித் தெரிந்துகொள்வதுமே செய்யத்தக்கவை.

மூச்சும் வலிப்பும்

வலிப்பு கண்ட நாயின் வாயில் கையையோ கரண்டியையோ விடக் கூடாது. நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது. சுற்றிலுமுள்ள சாமான்களை அகற்றி, விளக்கைத் தணித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலும் அவசரம். மின்கம்பியைக் கடித்த குட்டியை, மெயின் சுவிட்சை அணைக்காமல் தொடலாகாது. பெரிய மார்புள்ள நாய் ஒன்று வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வெளிவராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு வீட்டில் செய்யத்தக்கது எதுவுமில்லை, ஒவ்வொரு நிமிஷமும் மதிப்புள்ளது.

மூச்சும் துடிப்பும் நின்றுவிட்ட நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், மார்பின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை தாழும்படி அழுத்த வேண்டும். சிப்பிப்பாறை போலக் குறுகி ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு முழங்கைக்குப் பின்னால் இதயத்தின் நேர்மேலே அழுத்துவதும், உருண்ட மார்புள்ள பெரிய நாய்க்கு மார்பின் அகன்ற பகுதியில் அழுத்துவதும் பொருந்தும். 30 அழுத்தங்களுக்கு ஒரு முறை, வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியே இரண்டு முறை ஊத வேண்டும்.

பெட்டியைப் பேணும் முறை

இவ்வளவு கவனத்தோடு சேர்த்த பெட்டியைப் பரணில் ஏற்றி மறந்துவிட்டால் பிரயோஜனமில்லை. குழந்தைகளுக்கு எட்டாத, பெரியவர்களுக்கு உடனே எட்டக்கூடிய, வெயில் படாத இடத்தில் அது இருக்க வேண்டும். இருக்குமிடம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சித்திரைப் பிறப்பன்று ஒரு முறையும், ஆயுத பூஜையன்று ஒரு முறையும் திறந்து, காலாவதியானவற்றை நீக்கிப் புதியவற்றை வைத்து, தெர்மாமீட்டரின் மின்கலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் கவலையில்லை. அன்றைக்கே நாயின் புதிய எடையை அட்டையில் திருத்தி எழுதிவிடலாம்.

பொருள்களைப் போலவே நாயையும் பழக்கி வைக்க வேண்டும். தினமும் சில நிமிஷம் பாதங்களைத் தொட்டு, விரல்களை விரித்து, காதை மடக்கி, உதட்டைத் தூக்கிப் பார்த்து, முடிவில் ஒரு தின்பண்டம் கொடுத்து வந்தால், இந்தப் பரிசோதனைகள் அதற்கு அன்பின் ஓர் அங்கமாகவே ஆகிவிடும். வாய்க்கட்டையும் அவ்வாறே சுகமான நாட்களில் மாட்டிப் பழக்கினால், அபாய காலத்தில் அது திமிறாது. முந்தைய நாள்வரை யாரும் தொட்டறியாத பாதத்தை ரத்தம் ஒழுகும்போது முதன்முதலாகப் பிடிக்க முயல்வது நாய்க்கும் நமக்கும் ஒருங்கே தண்டனை.

வீட்டு வாசலைக் காக்கும் ஜீவனுக்கு உணவும் நீரும் நிழலும் தருவது போலவே, அபாயத்தில் கைகொடுக்கும் ஆயத்தமும் நம் கடமை. பெட்டிக்கு வேண்டியவை யாவும் எந்த ஊர் மருந்துக்கடையிலும் பெரும்பாலும் கிடைப்பவை; பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. நாய் வளர்க்கும் வாசகர்கள் இந்த இதழைக் கீழே வைப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்யுமாறு வேண்டுகிறோம்: இரவில் திறந்திருக்கும் கால்நடை வைத்தியசாலை ஒன்றின் எண்ணைக் கேட்டறிந்து எழுதிக்கொள்ளுங்கள், நாளைக் காலை மருந்துக்கடைக்குப் போய்க் காஸ் துணியிலிருந்து தொடங்குங்கள்.